ஊசியக்காவின் கெண்டைக்கால்

கால் இழுத்துக்கொண்டால் கத்தக் கூடாது. இதை அவள் நன்றாகப் பழகி வைத்திருந்தாள். விடியற்காலையில், போர்வைக்குள் காலை நீட்டிச் சோம்பல் முறிக்கும் நேரத்தில்தான் அது வரும். இடது கெண்டைக்கால் சதை கல்லாக இறுகும். கட்டைவிரல் தன் இஷ்டத்துக்குக் கீழே மடங்கும். கண்ணில் பொறி பறக்கும். வாய்விட்டு ஒரு சத்தம் போட்டால் பாதி வலி போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் சத்தம் போட்டால் பக்கத்தில் படுத்திருக்கும் வீட்டுக்காரர் எழுந்து "என்ன, என்ன" என்பார். அந்த "என்ன" மாடிப்படி இறங்கிக் கீழே போகும். காலை டீ ஆறுவதற்குள் தீர்ப்பாகித் திரும்பி மேலே வரும்: சின்னவள் இனிமேல் சைக்கிளில் போக வேண்டாம். அதனால் அவள் தலையணை ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு, எட்டிப் பாதத்தைப் பிடித்து விரல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சதை மனசு வைத்து இளகும்வரை காத்திருப்பாள். வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். நல்ல மனிதர், குறட்டையில்கூட யாரையும் எதிர்த்துப் பேசாதவர்.

வீட்டில் அவள் சின்னவள். வெளியே அவளுக்குப் பெயர் ஊசியக்கா. கடைத்தெருவில் ஒரு மாடியில் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. லேபுக்கு நடந்து வர முடியாதவர்கள், வர முடிந்தும் சோம்பல்படுகிறவர்கள், ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவர்கள், இவர்கள் அத்தனை பேர் வீட்டுக்கும் சைக்கிளில் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் பொறுப்பு. பின்னால் கேரியரில் ஐஸ் பெட்டி. முன்கூடையில் ஊசி, பஞ்சு, கையில் கட்டுகிற ரப்பர். வெறும் வயிற்று ரத்தம் என்பதால் பொழுது விடிந்ததும் கிளம்பிவிடுவாள். வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் திரும்புவாள்.

முதல் நாள் சாயங்காலமே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு ஒரே பாட்டைப் பாடுவாள். "ராத்திரி சாப்பிட்டதோட சரி, காலைல ஒண்ணும் சாப்பிடக் கூடாது. ஆனா தண்ணி மட்டும் நல்லா குடிங்க. தண்ணி குடிச்சாத்தான் நரம்பு எழும்பும்." கேட்பவர்கள் பயபக்தியோடு குடிப்பார்கள். சொல்கிறவள் மட்டும் ஒரு சொட்டு குடிக்க மாட்டாள்.

காரணம் கூச்சமானதுதான், ஆனால் சொல்லாமல் முடியாது. குடித்தால் போக வேண்டும். போக இடமில்லை. வாடிக்கையாளர் வீட்டுக் கழிவறையைக் கேட்கக் கூடாது என்பது லேப் மேடம் போட்ட சட்டம். லேப் கட்டடத்துக் கழிவறைச் சாவியோ காவலாளியிடம். அவர் அந்தச் சாவிக்கொத்தில் அதைத் தேடி எடுப்பதற்குள் கீழ்க்கடை ஆட்கள் எல்லோருக்கும் சேதி போய்விடும். சரி, வீட்டுக்கு வந்து குடிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வீட்டைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அது ஒரு காலத்தில் நீளமான வீடு. பின்பாதியைச் சுவர் வைத்து மறித்து, யாருக்கோ கிடங்காக வாடகைக்கு விட்டுவிட்டார்கள். மறித்ததில் வீட்டுக்கு மிஞ்சியது ஒரே ஒரு பாத்ரூம். அதன் கதவு நேரே ஹாலில் திறந்தது. ஹாலோ பெரியவருடைய ராஜ்ஜியம். பெரியவர் என்றால் அவள் வீட்டுக்காரரின் அண்ணன். வீடு, மனை வாங்க விற்க நடுவில் நிற்கும் தரகர். காலையிலிருந்து இருட்டும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அவருடைய மேசை பாத்ரூம் கதவுக்கு முன்னால் கிடந்தது. நாற்காலியின் முதுகு கதவில் இடிக்கும். யாராவது உள்ளே போக வேண்டுமானால் அவர் பேச்சை நிறுத்தி, "ம்ம்" என்று ஒரு முனகல் முனகி, எழுந்து, நாற்காலியை இழுத்து வழிவிட வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மரியாதையாக மின்விசிறியைப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் வெளியே நன்றாகக் கேட்கும். வெளியே வரும்போது மறுபடி அதே "ம்ம்". ஆண்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. போவார்கள், வருவார்கள், வரும்போது ஒரு ஜோக்கும் அடிப்பார்கள். வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் விடிவதற்கு முன் ஒரு தடவை, கடைசி ஆள் செருப்பு மாட்டிய பிறகு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டார்கள். பகல் முழுக்க வாயைக் கட்டினார்கள்.

இதில் பெரிய கூத்து, அவள் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். ஊரில் பாதி வீட்டுப் பாத்ரூம் அவர் கை பட்டது. மாடி அறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று கட்டிக்கொள்ளலாமே என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். "பிரஷர் பத்தாது. மேல தண்ணி ஏறாது" என்றார். அடுக்குமாடிகளுக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிய மனிதர் இதைக் கூசாமல் சொன்னார். அவள் பார்த்த பார்வையில் குரலைத் தாழ்த்தி, "அண்ணன்கிட்ட கேக்கணும்" என்றார். இன்றுவரை கேட்டபாடில்லை.

அந்த வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை, வைததில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் மல்லுக்கு நிற்கலாம், கோபித்துக்கொண்டு போகலாம். எல்லாமே அன்பு. "நீ எதுக்கும்மா கஷ்டப்படணும்", "உனக்கு எதுக்கும்மா அந்த அலைச்சல்", "நாங்க இருக்கோம்ல". இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அவளுடைய இளமை முழுவதும் அடங்கிப்போனது. காலையில் எழுந்தால் சமையலறை, சமையலறையை விட்டால் மாடி அறை, மாடி அறையை விட்டால் மறுபடி சமையலறை. ஹாலைத் தாண்டித்தான் வாசல். வாசலுக்குப் போக வேண்டுமானால் ஹாலில் இருக்கிற அத்தனை முகங்களுக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். மூச்சு முட்டும். அது உடம்பில் வருகிற முட்டல் இல்லை என்பதால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஒரே மகளுக்குக் கல்யாணமாகித் தூரமாகப் போனதும் அவள் துணிந்து ஒரு காரியம் செய்தாள். கல்யாணத்துக்கு முன்பு படித்திருந்த லேப் படிப்பைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போய் வேலை கேட்டாள். கிடைத்தது. பெரியவர் யோசித்தார், தொண்டையைக் கனைத்தார், கடைசியில் ஒரு நிபந்தனையோடு தலையாட்டினார். "போய்ட்டு வா. ஆனா உடம்புக்கு ஏதாவது வந்துச்சுன்னா அன்னிக்கே நிறுத்திடணும். சரியா?" அவள் சரி என்றாள். அந்த நேரத்தில் எதற்குத்தான் சரி சொல்லியிருக்க மாட்டாள்.

அன்றிலிருந்து காலைப்பொழுது அவளுடையது. தெருமுனை திரும்பியதும் தோள் தானாக இறங்கும். மூடிய வாய்க்குள் ஒரு பாட்டு ஓடும். ஆளில்லாத சாலையில் பெடலை நிறுத்திச் சைக்கிளைத் தன்போக்கில் உருளவிடும்போது, தனக்கு வயதே ஆகவில்லை என்று தோன்றும். வெயில் ஏறியதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உதடு வெடிக்கும், அதெல்லாம் பரவாயில்லை. இதை மட்டும் இழக்கக் கூடாது. கெண்டைக்கால் இழுப்பது வெளியே தெரிந்தால் எல்லாம் போச்சு. பெரியவரின் நிபந்தனையில் கெண்டைக்காலும் சேர்த்திதான்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரிடம் வாயைத் திறந்தாள். விளையாட்டு ஆட்களுக்குக் கை கால் பிடிப்பு எடுத்துவிடும் பிசியோதெரபி அம்மா அவர். ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை வைத்துவிட்டு, சும்மா கேட்பதுபோல ஆரம்பித்தாள்.

"மேடம், எங்க சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி. சைக்கிள் ஓட்டுவா. காலைல கெண்டைக்கால் இழுத்துக்குதாம். என்ன பண்ணலாம்?"

"அவ எவ்ளோ உயரம்?"

"என் உயரம் இருப்பா."

"என்ன வயசு?"

"என் வயசுதான்."

"சைக்கிள் வாசல்ல நிக்குதே, அது மாதிரியா?"

ஊசியக்கா ஐஸ் பெட்டியை மூடித் திறந்து மறுபடி மூடினாள்.

"சரி, அந்தப் பொண்ணை வந்து சைக்கிள்ல உக்காரச் சொல்லுங்க, பாப்போம்" என்று பிசியோதெரபி அம்மா எழுந்தார்.

வாசலில் ஒரு பார்வையிலேயே பிடித்துவிட்டார். "சீட்டைப் பாதாளத்துல வச்சிருக்கீங்களே."

அதற்கு ஊசியக்காவிடம் நியாயம் இருந்தது. பின்னால் ஐஸ் பெட்டி கனக்கும். நிற்கும்போது சைக்கிள் சாய்ந்தால் ரத்த டியூப்கள் கவிழும். ஆகவே இரண்டு காலும் தரையில் பாவுகிற மாதிரி சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தாள். ரத்தம் பத்திரமாக இருந்தது. கால்தான் எப்போதும் மடங்கியே கிடந்தது. மடங்கிய காலால் பெடலை விரல்நுனி கொண்டு குத்திக் குத்தி மிதித்தாள்.

"சதையை நாள் பூரா சுருக்கியே வச்சிருக்கீங்க. விடியக்காலைல திடீர்னு நீட்டினா அது கோவிச்சுக்காம என்ன செய்யும்?" என்றார் அந்த அம்மா. "சீட்டை ஏத்துங்க. பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை அதுல வச்சா கால் நேரா நிக்கணும். அப்புறம் பாதத்தோட அகலமான இடத்தால மிதிச்சீங்கன்னா முட்டி லேசா மடங்கும். அதான் அளவு. ஏறறதுக்கு முன்னாடியும் இறங்கின பிறகும் சுவத்துல கையை ஊனி, ஒரு காலைப் பின்னால வச்சு, குதிகால் தரையை விட்டு எழும்பாம முன்னால சாயுங்க. இழுத்துக்கிட்டா போட்டுப் பிசையாதீங்க. முட்டியை நீட்டி விரலை உங்க பக்கம் இழுங்க. விட்ட பிறகு சூடா ஒத்தடம் கொடுங்க. அப்படியும் நிக்கலன்னா, கால் வீங்கினா, டாக்டர்கிட்ட காட்டணும். சரி, தண்ணி எவ்ளோ குடிக்கறீங்க?"

"குடிப்பேன் மேடம்."

"இன்னிக்கு இதுவரைக்கும்?"

ஊசியக்கா செருப்பைப் பார்த்தாள்.

"இந்த வெயில்ல வேர்க்க வேர்க்க மிதிக்கறீங்க. உள்ள இருக்கற தண்ணியும் உப்பும் வெளிய போய்க்கிட்டே இருக்கு. திருப்பி ஒண்ணும் ஊத்தலன்னா சதை எப்படிம்மா இளகும்?"

"மத்ததெல்லாம் செஞ்சுடறேன் மேடம்" என்றாள் ஊசியக்கா.

செய்தாள். வீட்டுக்காரரின் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துச் சீட்டை ஏற்றினாள். நிற்க வேண்டிய இடத்தில் நடைபாதை மேட்டோரமாகப் பார்த்துக் கால் ஊன்றக் கற்றுக்கொண்டாள். மாடி அறைச் சுவரைத் தள்ளுவதுபோல அவள் சாய்ந்து நின்றதைப் பார்த்து, "சுவத்துல ஏதாவது விரிசலா?" என்று வீட்டுக்காரர் கவலையோடு வந்து தட்டிப் பார்த்தார். கால் நன்றாகவே இளகியது. வாரக்கணக்கில் இழுப்பே வராமலும் இருந்தது. வெயில் கொளுத்துகிற நாட்களில் மட்டும் மறுநாள் விடியலில் தவறாமல் வந்து ஆளை ஒரு பாடு படுத்திவிட்டுப் போகும். என்ன குறை என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குறையைத்தான் தீர்க்க வழியில்லை.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பாள். பெரியவருக்குச் சர்க்கரை பார்க்க வேண்டி வந்தது.

"வீட்லயே ஆளை வச்சுக்கிட்டு நான் எதுக்கு லேபுக்குப் போகணும்?" என்றார் பெரியவர். விடிந்ததும் எடுத்துவிடலாம் என்றாள் அவள். கண் விழித்ததும் ஊசி முகத்திலா முழிப்பது, நீ போய்ட்டு வந்து எடு என்று விட்டார். அன்று பார்த்து வெயில் நெருப்பாகக் கொட்டியது. அவள் சுற்று முடிந்து வரும்போது பெரியவர் பசியில் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். ஹாலில் எல்லா நாற்காலியிலும் ஆட்கள். யாரையும் எழுப்ப மனமில்லாமல் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் அப்படியே குதிகால் தூக்கிக் குந்தினாள். ரப்பரைக் கட்டினாள், நரம்பைத் தடவிக் கண்டுபிடித்தாள், ஊசியை இறக்கினாள். ரத்தம் டியூபுக்குள் வந்தது. அந்த நேரத்தில் கால் இழுத்தது.

இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. தொடைவரைக்கும் முறுக்கி எடுத்தது. எழுந்து நிற்க வேண்டும், குதிகாலைத் தரையில் ஊன்ற வேண்டும், விரலைப் பிடித்து இழுக்க வேண்டும். எல்லாம் தெரியும். ஒன்றையும் செய்ய முடியாது. ஒரு கையில் பெரியவரின் நரம்புக்குள் இருக்கிற ஊசி, மறு கையில் டியூப். கை ஒரு நெல்முனை அசைந்தாலும் நரம்பு கிழியும். அவருடைய ரத்தமும் அவரைப் போலவே அவசரம் தெரியாததாக இருந்தது. சொட்டுச் சொட்டாக வந்தது. மேலே அவர் யாரிடமோ கிழக்குப் பார்த்த மனையின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு நெற்றி வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கை இல்லை. உயிர் போனாலும் கை ஆடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். டியூப் நிறைந்தது. ரப்பரைத் தளர்த்தினாள். இரண்டாவது டியூபையும் நிரப்பினாள். ஊசியை உருவினாள், பஞ்சை வைத்தாள்.

"இதை அழுத்திப் பிடிச்சுக்குங்க மாமா" என்றாள். குரல்கூட ஆடவில்லை.

டியூப்களை ரத்தம் உறையாமலிருக்கப் பக்குவமாகக் கவிழ்த்து நிமிர்த்தி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, மூடியையும் மூடினாள். பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, வந்தவர்களின் செருப்புகளுக்கு நடுவில் விழுந்து, இத்தனை காலம் தலையணைக்குள் கடித்து வைத்திருந்த அத்தனை சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து அலறினாள்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. எவ்வளவு நாளாக என்று கேட்டார்கள், சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பெரியவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உடம்புக்கு ஏதாவதுன்னா நிறுத்திடணும்னு பேசினோமா இல்லையா?"

"பேசினோம் மாமா."

"ஊசி குத்தும்போது கை ஆடியிருந்தா?"

"ஆடலையே மாமா."

"ஆடியிருந்தா?"

சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே கம்பியோடு சேர்த்துப் பூட்டப்பட்டது. சாவி பெரியவரின் சட்டைப்பைக்குப் போனது. லேப் மேடம் போனில் நியாயமாகத்தான் பேசினார். "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல வேற ஆளைப் போட்டுத்தான் ஆகணும்." வீட்டுக்காரர் களிம்பு வாங்கி வந்து உட்கார்ந்து தேய்த்துவிட்டார்.

"தண்ணி குடிக்காததுதாங்க காரணம். சைக்கிள் இல்ல" என்றாள் அவள்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர், தேய்ப்பதை நிறுத்தாமல்.

அவளுக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கையோ இதமாக இருந்தது. இதமாக இருக்கிற கையை எப்படித் தட்டிவிடுவது?

அந்த வாரம் முழுக்கத் தாங்கினார்கள். உட்காரு, எழுந்திருக்காதே, காலை நீட்டு, வெந்நீர்ப் பையை வை. ஹாலில் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் சமையலறைப் பக்கம் எட்டி "இப்ப தேவலையா?" என்று கேட்டார்கள். அவள் தேவலை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஜன்னல் வழியாகத் தெருமுனை தெரியும். அந்த நேரத்தில் தான் எந்த வீட்டு வாசலில் மணி அடித்துக்கொண்டிருப்போம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நிற்பாள். சுவர்கள் பக்கத்தில் நகர்ந்து வருவதுபோல இருந்தது. தண்ணீர் மட்டும் அப்போதும் குடிக்க முடியவில்லை. ஹாலில் முன்னைவிடக் கூட்டம். வீடு வாங்குகிற பருவம் போலிருக்கிறது.

சனிக்கிழமை மதியம், பரணிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க நுனிக்காலில் எம்பினாள். இழுத்துக்கொண்டது. சைக்கிளைத் தொட்டு நாட்கள் ஆகியிருந்தன. டப்பாவைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தாள். அடுப்படியில் நின்றிருந்த பெரியவள், அதாவது பெரியவரின் மனைவி, அவளுடைய ஓரகத்தி, ஓடி வந்தாள். வந்தவள் பதறவில்லை. தேய்க்கவில்லை. யாரும் சொல்லாமலே சின்னவளின் முட்டியை ஒரு கையால் அழுத்தி நீட்டி, மறு கையால் பாதத்தைப் பிடித்து விரல்களை மேல்பக்கமாக வளைத்தாள். வலி சட்டென்று இளகியது.

"இது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

பெரியவள் கதவுப்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "எனக்கும் வரும்."

"எப்பலேர்ந்து?"

"நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து."

"யார்கிட்டயும் சொன்னதே இல்லையே."

"நீ சொன்னியா?"

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவள் வாழ்நாளில் சைக்கிளில் ஏறியதில்லை. சைக்கிள் மணியைக்கூட அடித்ததில்லை.

"அக்கா, காலைலேர்ந்து தண்ணி குடிச்சீங்களா?"

"எங்கடி குடிக்கறது? காலைல குளிச்சுட்டு வந்தப்ப ஒரு வாய். இனி அவங்கெல்லாம் போனப்புறம்தான்."

"அப்ப சைக்கிள் எங்க வந்துச்சு இதுல? இதை நீங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா."

பெரியவளின் முகம் கதவைச் சாத்தியதுபோல ஆனது. "நல்லா இருக்கே. ஆம்பளைங்க நடுவுல போய் நின்னு, பாத்ரூமுக்குப் போக முடியல, அதான் கால் இழுக்குதுன்னு சொல்லச் சொல்றியா? செத்தாலும் மாட்டேன்."

"தனியா இருக்கும்போது சொல்லுங்க."

"சொல்லிப் பாக்காமலா இருந்தேன்? மேசையைத் தள்ளிப் போடுங்கன்னு கேட்டேன். அந்த இடத்துல உக்காந்தாத்தான் வியாபாரம் அமையுதாம்." எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். "விடு. நமக்கு விதிச்சது அவ்ளோதான். நீயாவது கொஞ்ச நாள் வெளிய போய்ப் பாத்தே."

அவள் நல்லபடியாகத்தான் சொன்னாள். சின்னவளுக்கு அழுகை வந்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். அதையும் பழகி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. ஒரு வீட்டை முடித்துவிடும் தறுவாயில் விற்கிறவர்கள் ஒரு பக்கம், வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். வாங்க வந்தவரோடு அவருடைய மனைவியும் வந்திருந்தாள். காலையில் வந்தவள், சுவரோரம் நாற்காலி நுனியில் கைப்பையை மடியில் கட்டிக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். குழாய்க்காரரான தம்பி அண்ணனுக்குத் துணையாக ஒரு மூலையில் நின்றார். பெரியவள் டீ தட்டோடு வந்தாள். சின்னவள் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

பேச்சு நடுவில் பெரியவருக்கு ஞாபகம் வந்தது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிப் போனை எடுத்து லேப் மேடத்துக்கு அடித்தார். அந்தம்மாவைக் காக்க வைக்கக் கூடாது என்கிற நல்லெண்ணம். "ஆமாம்மா, நான்தான். எங்க சின்னவ விஷயமா. இனிமே அவளால சைக்கிள்ல வர முடியாதும்மா. உடம்புக்கு ஒத்துக்கல. நீங்க வேற ஆளப் பாத்து..."

சின்னவளுக்கு ஓடிப் போய் அந்தப் போனைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. கால் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. இந்த முறை கால் இழுக்கவெல்லாம் இல்லை. இத்தனை வருஷத்துப் பழக்கம் அப்படி.

"கொஞ்சம் எந்திரிங்க" என்றது ஒரு குரல்.

பெரியவள்தான். டீ தட்டு மேசைமேல் இருந்தது. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். பெரியவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், இரு என்று கையைக் காட்டினார்.

"இருக்க முடியாது. எந்திரிங்க, நான் உள்ள போகணும்."

ஹாலே மின்விசிறியைப் பார்த்தது.

"போன்ல பேசிட்டிருக்கேன்ல."

"தெரியுது. அவளுக்கு சைக்கிள் ஓட்டறதால கால் இழுக்குதுன்னு சொல்லிட்டிருக்கீங்க. எனக்கும் இழுக்குது. கல்யாணம் பண்ணி வந்த நாள்லேர்ந்து இழுக்குது. நான் எந்த சைக்கிளை ஓட்டினேன்?" மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இந்த நாற்காலியைத் தாண்டிப் போக வெக்கப்பட்டுக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் தண்ணி குடிக்கறதில்ல. பகல் பூரா குடிக்கறதில்ல. இவ்ளோதான் வியாதி. இப்ப எந்திரிங்க."

பெரியவர் எழுந்தார். "ம்ம்" என்ற முனகல்கூட வரவில்லை. நாற்காலியை இழுக்கக் கை வராமல் அவர் தடுமாறியபோது, மூலையிலிருந்து தம்பி வந்து அதைத் தூக்கி வைத்தார். அண்ணனைக் கேட்கவில்லை. பெரியவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அவள் அவசரப்படவே இல்லை.

போனில் லேப் மேடம் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தார். சின்னவள் வந்து பெரியவரின் கையிலிருந்து அதை வாங்கினாள். "மேடம், நான்தான். நாளைக்குக் காலைல வந்துடறேன். ஆனா நம்ம கட்டடத்துப் பாத்ரூம் சாவி ஒண்ணு எனக்குத் தனியா வேணும்" என்றாள். கேட்டுவிட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மேடம், "செஞ்சு தரேன். எனக்கும் ஒண்ணு செஞ்சுக்கணும்" என்றார்.

பெரியவர் சட்டைப்பையில் கைவிட்டுத் துழாவி சைக்கிள் சாவியை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல், டீ தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். உட்காரப் போனார். நாற்காலி அங்கே இல்லை.

கதவு திறந்தது. பெரியவள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். அப்போது சுவரோரம் காலையிலிருந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண், வீடு வாங்க வந்தவருடைய மனைவி, கைப்பையைப் புருஷன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நானும் போய்ட்டு வந்துடவா?" என்றாள்.

பெரியவள் கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டாள். சின்னவள் போய் அடுத்த ஆளாக நின்றாள்.